நீங்க முதல்ல அடிங்க

நிங்சி வேலை பார்த்த இடத்தை அலுவலகம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களே சிரிப்பார்கள். ஜாவாத் தீவின் ஜோக்ஜா நகருக்கு வடக்கே, வயலை ஒட்டிய ஒரு வாடகை வீடு. வாசலில் செருப்புக் குவியல், கூடத்தில் கணினிகள், அடுப்படியில் எந்நேரமும் சர்க்கரை தூக்கலாக ஒரு கெண்டித் தேநீர். ஒரு சின்னக் கூட்டம் அங்கே உட்கார்ந்து கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு ராஜா, அந்தக் கரையில் ஒரு ராஜா. இடையில் தேன்கூடு போல அறை அறையாகப் பிரித்த நிலம். உங்கள் முறை வந்தால் உங்கள் படைகளை நகர்த்தலாம், அடிக்கலாம். பிறகு எதிராளியின் முறை. யாரும் யாரையும் அவசரப்படுத்த மாட்டார்கள். தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டே யோசிக்கலாம். இந்த நிதானம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வினையும் அங்கேதான் இருந்தது.

படம் வரைவது தனாங். அந்த இடத்துக்கு முதலாளியும் அவன்தான், முப்பது வயசுகூட ஆகாதவன். பாட்டுக்கு ஒருத்தர், நிரல் எழுத ரெண்டு பேர். சண்டை நிங்சியின் கையில். ஈட்டிக்காரர்கள் குதிரைப்படையை அடித்தால் எத்தனை பேர் விழ வேண்டும், விழாமல் மிஞ்சியவர்கள் திருப்பி அடித்தால் எத்தனை பேர், சேற்று வயலில் குதிரை எவ்வளவு திணறும், மூங்கில் புதருக்குள் நிற்கிறவன்மேல் அம்பு எத்தனை தரம் குறி தப்பும், எல்லாம் அவள் போட்ட எண்கள்தான். எறும்பு வரிசையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வழிவிடுகிற பெண், காலை முதல் மாலை வரை உட்கார்ந்து யாரை எவ்வளவு ஆழமாகக் குத்தலாம் என்று கணக்குப் போட்டாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருஷங்கள் அவைதான்.

அதற்கு முன்னால் ஒரு பேருந்து நிறுவனத்தில், குறை கேட்கும் மேசையில் இருந்தாள். எங்கள் ஊரில் அது சும்மா உட்காரும் வேலை. குறை சொல்ல வருகிறவர் முதலில் நலம் விசாரிப்பார். பிறகு வெயிலைப் பற்றிப் பேசுவார். ஓட்டுநர் தங்கமான பையன் என்பார். அப்புறம் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பேருந்து வரவே இல்லை என்பதைக் கடைசிவரை சொல்ல மாட்டார். நிங்சியும் துருவிக் கேட்க மாட்டாள். ரெண்டு பேருக்கும் மனசு நிறைந்திருக்கும், பேருந்து மட்டும் மறுநாளும் வராது.

விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது புருஷன் ஹந்தொகோவால். அவர் துணிகளை எடை போட்டு வாங்கித் துவைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். இயந்திரங்கள் சுற்றி முடிக்கும்வரை கணவனும் மனைவியும் ஒரே கைபேசியை மாற்றி மாற்றி வாங்கிப் படை நகர்த்துவார்கள். ஹந்தொகோ தோராயமாக அடிப்பார். நிங்சி மனசுக்குள் கூட்டிக் கழித்து, எந்தக் கட்டத்தில் நின்றால் எத்தனை பேர் தப்புவார்கள் என்று பார்த்து அடிப்பாள். ஒரு நாள் சட்டை துவைக்கக் கொடுக்க வந்த தனாங், சட்டையை மறந்துவிட்டு அவள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் அவள் பேருந்து நிறுவனத்திலிருந்து விலகினாள்.

அவள் கட்டிய சண்டையின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. முதலில் அடிக்கிறவன் அடித்ததும் எதிர்ப் பக்கத்தில் சிலர் விழுவார்கள். மிஞ்சியவர்கள்தான் திருப்பி அடிப்பார்கள். விழுந்தவன் திருப்பி அடிக்க முடியாது இல்லையா. ஆக, முந்திக்கொள்கிறவனுக்கு எப்போதும் கொஞ்சம் லாபம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

அதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே. நிங்சி தன் தெருக்காரர்களையே பிடித்தாள். மாதச் சீட்டுக் கூட்டம் அவள் வீட்டில் முடிந்ததும், பாயில் ஒரு தட்டைக் கணினியை நடுவில் வைத்து ரெண்டு ரெண்டு பேராக ஆடச் சொல்வாள். தெருத் தலைவர் பாக் ஜுமாலியும், முக்குக் கடையில் தெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்து விற்கும் இபு தர்மியும் ஆட உட்கார்ந்தால் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். எங்கள் ஊரில் ஐயா என்பதற்குப் பாக், அம்மா என்பதற்கு இபு.

"நீங்க முதல்ல அடிங்க, பாக்."

"நான் எதுக்கு? நீங்க அடிங்க, இபு. எனக்கென்ன அவசரம்."

"தெருத் தலைவரைப் போய் நான் அடிக்கிறதா? நாளைக்கு உங்க முகத்துல முழிக்க வேணாமா?"

"விளையாட்டுத்தானே."

"அப்ப நீங்களே அடிங்களேன், விளையாட்டுத்தானே."

பாக் ஜுமாலி யானையை ஒரு கட்டம் நகர்த்தி, அதுவும் இபு தர்மியின் பக்கம் அல்ல, பக்கவாட்டில் நகர்த்தி, தட்டைக் கணினியை ரெண்டு கையாலும் மரியாதையாக நீட்டுவார். இபு தர்மி ஈட்டிக்காரர்களை அழகாக ஒரு வரிசையில் நிறுத்தித் திருப்பித் தருவாள். இப்படியே ரெண்டு படையும் கல்யாண ஊர்வலம் மாதிரி ஒன்றையொன்று சுற்றிவரும். கடைசியில் இடமே இல்லாமல் போய், ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பட்டும் படாமலும் ஒரு அடி அடிப்பார். அதற்குள் எதிராளி மூங்கில் புதரில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். அடி உறைக்காது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள் நிங்சி.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்பார்கள் எல்லோரும்.

நிங்சி யோசித்தாள். யாரும் அடிக்க மாட்டேன் என்கிறார்கள், அடித்தாலும் உறைப்பதில்லை. அப்படியானால் அடிக்குப் பலம் போதவில்லை என்றுதானே அர்த்தம்? அடியின் எண்ணைக் கொஞ்சம் ஏற்றினாள். அடுத்த மாதமும் யாரும் அடிக்கவில்லை. இன்னும் ஏற்றினாள். அதற்கடுத்த மாதமும் ஊர்வலம்தான். இன்னும். மற்ற நேரங்களில் அவ்வளவு கூர்மையான பெண்ணுக்கு, அவர்கள் அடிக்காமல் இருப்பது எண்ணைப் பார்த்து அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அவளும் அதே தெருக்காரிதானே.

இந்தச் சமயத்தில்தான் தனாங் ஒரு பேச்சை எடுத்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, இந்தச் சண்டை வேலை உங்களுக்குப் பெரிய பாரமாப் போச்சோன்னு தோணுது. இணையத்துல ரெடியா செஞ்ச சண்டை முறை விக்கிறாங்க. வேணும்னா, வேணும்னாத்தான் சொல்றேன், அதை வாங்கிப் போட்டுக்கலாம்."

நிங்சி காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். சிரித்தாள்.

"உங்க இஷ்டம், தம்பி."

"இல்ல, உங்க இஷ்டம்தான்."

"எனக்கென்ன, எதுன்னாலும் சரி."

"அப்ப ஜகார்த்தாவிலேருந்து ஆள் வரட்டும். விளையாட்டை வெளியிடப் போறவங்க அவங்கதானே. அவங்க பார்த்துட்டுப் போனப்புறம் ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிங்சி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வருஷ உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைச் சரக்கை மாட்டப் போகிறார்கள். தன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தம்பி இப்படிச் சுற்றி வளைக்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவளால் செய்ய முடிந்ததெல்லாம், வருகிற ஆள் விளையாடிப் பார்த்துச் சண்டை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான்.

வந்த ஆள் பாங் பின்சார், அதாவது பின்சார் அண்ணன். மேடான்காரர். சுமத்ராவிலிருந்து மேடான்காரர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொள்வார்கள், குரலின் அதிர்வு தாங்காது என்று. நல்ல மனுஷர். செருப்பைக் கழற்றும்போதே பசிக்கிறது என்றார், எங்கள் ஊர் இனிப்புப் பலாக்காய்க் கறியான குடெக்கைச் சாப்பிட்டுவிட்டு இது குழம்பா பாயசமா என்று கேட்டார், பிறகு கணினிமுன் உட்கார்ந்தார். எதிரே நிங்சியை உட்கார வைத்தார்கள்.

அவர் முறை வந்தது. யோசிக்கவே இல்லை. குதிரைகளை எல்லாம் ஒரே விரட்டாக ஆற்றைத் தாண்ட விட்டு, நிங்சியின் ஈட்டி வரிசையில் மோத விட்டார். வரிசை சரிந்தது. மிஞ்சிய ரெண்டு பேர் திருப்பி அடித்ததில் ஒரு குதிரைகூட விழவில்லை. அடுத்த முறையில் வில்லாளிகள், யானை, கடைசியாக ராஜா. நிங்சியின் தேநீர் இன்னும் ஆறவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் பின்சார். "சரி, பக்கம் மாத்துவோம். அக்கா, இப்ப நீங்க முதல்ல ஆடுங்க. சும்மா உள்ள பூந்து அடிங்க."

நிங்சி, சொன்னாரே என்று, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே பூந்து அடித்தாள். பின்சாரின் ராஜாவும் அதே வேகத்தில் செத்தார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இது சண்டை இல்ல, காசு சுண்டிப் போடுறது. எவன் முதல்ல கை ஓங்குறானோ அவன் ஜெயிச்சான். இதை யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

"எல்லாருமா? ஒருத்தன்கூடத் திட்டலையா?"

"இல்லைங்க."

"அப்பவே சந்தேகம் வந்திருக்க வேணாமா" என்றார் பின்சார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "எங்க ஊர்ல ஒரு விளையாட்டைக் குடுத்தா முதல்ல செஞ்சவனோட அப்பாவைத் திட்டுவாங்க, அப்புறம்தான் ஆடுவாங்க. சரி, நான் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு இங்கதான் இருக்கேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் வர்றேன். அதுக்குள்ள சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க. இல்லைன்னா தம்பி சொன்ன மாதிரி கடைச் சரக்கை வாங்கிப் போட்டுடலாம், தப்பில்ல."

தனாங் தரையைப் பார்த்தான். நிங்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் அவள் அடியின் எண்ணைப் பழையபடி இறக்கிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கடையில், இயந்திரங்கள் சுற்றும்போது ஹந்தொகோவோடு ஆடினாள். இப்போது முந்தி அடிப்பதில் லாபமே இல்லை. ஆகவே யாரும் அடிக்கவில்லை. ஹந்தொகோ கொட்டாவி விட்டார்.

"அடிச்சாலும் ஒண்ணும் இல்ல, அடிக்காட்டியும் ஒண்ணும் இல்ல. இதுக்கு நான் துணியைக் காயப்போடலாம்" என்றார். எழுந்து போய்க் காயவும் போட்டார்.

மறுநாள் காலையில் தெம்பே வாங்கப் போனபோது நிங்சி கடைசியில் கேட்டேவிட்டாள். இபு தர்மிக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம்.

"இபு, உண்மையைச் சொல்லுங்க. என் விளையாட்டுல சண்டை போடவே உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? நான் சண்டைதானே போட்டுகிட்டிருந்தேன்."

"எங்க போட்டீங்க? நின்னுகிட்டே இருந்தீங்க."

"நிக்கிறது சண்டை இல்லையா? ஈட்டியை மண்ணுல ஊன்றி, நேரா பிடிச்சுகிட்டு நிக்கிறேன். வாடா வான்னு. இந்தப் பாக் ஜுமாலிதான் வரவே மாட்டேங்குறார்."

"வந்திருந்தா?"

"கிழிச்சிருப்பேன்" என்றாள் இபு தர்மி சாந்தமாக, தெம்பேயை வாழையிலையில் மடித்துக்கொண்டே. "மிளகாய் ரெண்டு சேர்த்து வைக்கட்டுமா?"

நிங்சியின் மனசு மிளகாயில் இல்லை. கிழித்திருக்க முடியாது, அதுதான் விஷயம். ஈட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, தோளில் சாய்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றாலும் சரி, நிங்சியின் கணக்கில் ரெண்டும் ஒன்றுதான். குதிரை வந்து மோதினால் விழுகிற எண்ணிக்கை மாறாது. காத்து நிற்பதற்கு அவள் விளையாட்டில் ஒரு மதிப்பும் கிடையாது. தெருவே காத்து நிற்பதில் ஊறிக் கிடக்கிறது, அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள் அதற்கு ஒரு எண்கூடக் கொடுக்கவில்லை. காசை வைத்துவிட்டுத் தெம்பேயை மறந்துவிட்டு அவள் நடந்தாள். இபு தர்மி பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடிவர வேண்டியிருந்தது.

அந்த வாரம் நிங்சி பாடுபட்டது போல அதற்கு முன்னும் பின்னும் பாடுபட்டதில்லை. புதிதாக ஒரு செயலைச் சேர்த்தாள். அதற்கு 'ஊன்றி நிற்றல்' என்று பெயர். நகராமலும் அடிக்காமலும் ஒரு முறையை விட்டுக்கொடுக்கும் படை ஊன்றி நிற்கும். அதன் முகத்துக்கு நேரே யார் வந்து மோதினாலும், வந்தவன் கை ஓங்கும் முன்பே இது அடித்துவிடும். மோத வந்தவர்களில் மிஞ்சியவர்கள்தான் அடிப்பார்கள். ஆனால் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ வந்தால் ஊன்றியது உதவாது. ஒரு முறைக்கு ஒரு தடவைதான் முந்தி அடிக்க முடியும்; ரெண்டாவதாக வருகிறவன் தப்பித்தான். அடியின் எண்ணை ரொம்பவும் குறைக்காமல் விட்டாள்.

நிரல் எழுதுகிற பையன் கேட்டான்: "அக்கா, ரெண்டு பேரும் ஊன்றி நின்னுட்டா?"

நல்ல கேள்வி. எங்கள் ஊரில் அது நடந்தே தீரும். ஆகவே நிங்சி படைகளுக்குச் சோற்று மூட்டை கொடுத்தாள். நிற்க நிற்கச் சோறு குறையும். காலியானால் கை தளரும். எவ்வளவு மரியாதைக்காரனும் பசித்தால் எழுந்து வந்துதானே ஆக வேண்டும்.

பின்சார் மறுபடி வந்தது கல்யாணத்துக்கு மறுநாள். கண் சிவந்திருந்தது, குரல் பாடிப் பாடிக் கட்டியிருந்தது, அப்படியும் எங்கள் குரலைவிட ஓங்கியிருந்தது. நிங்சி இந்தத் தடவை தான் உட்காராமல், ஒரு தட்டுத் தெம்பேயோடு வந்திருந்த இபு தர்மியை உட்கார வைத்தாள்.

பின்சாரின் குதிரைகள் பழையபடி ஆற்றைத் தாண்டி வந்து ஈட்டி வரிசையில் மோதின. வரிசை ஊன்றி நின்றிருந்தது. குதிரைகள் பாதிக்குமேல் சரிந்தன. மிஞ்சியவை அடித்த அடி வரிசையைக் கீறக்கூட இல்லை.

"மன்னிச்சுக்கங்க, பாங்" என்றாள் இபு தர்மி, பதறிப்போய். "தெரியாமப் பட்டுடுச்சு."

"தெரியாமலா? என் பாதிப் படையைக் காணோம்" என்று சிரித்தார் பின்சார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் ஒரு முறை ஊன்றி நின்று பார்த்தார். சோறு குறைந்தது. மூங்கில் புதர் வழியாக வில்லாளிகளைச் சுற்றி அனுப்பினார். இபு தர்மி பாதி வரிசையை அந்தப் பக்கம் திருப்பினாள். முன்பக்கம் ஒரு படையை வீணாக மோத விட்டு, ஊன்றியது தீர்ந்ததும் ரெண்டாவதை விட்டார். ரெண்டு கெண்டித் தேநீர் தீர்ந்தது. கடைசியில் பின்சார்தான் ஜெயித்தார், ஒரே ஒரு நொண்டி யானையோடு.

இபு தர்மி திரையை முறைத்துப் பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமலே தட்டைக் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை நான்தான் முதல்ல" என்றாள்.

பின்சார் தனாங்கின் பக்கம் திரும்பினார். "சரி தம்பி. நான் சாயங்கால ரயில்ல போறேன். எனக்கு ஒரு பதில் வேணும். இந்தச் சண்டையா, கடைச் சண்டையா?"

"அது அக்காவோட இஷ்டம்" என்றான் தனாங்.

"தம்பி என்ன சொல்றாரோ அது" என்றாள் நிங்சி.

"இல்ல, அக்கா சொன்னா எனக்கு எதுவும் சரிதான்."

பின்சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஒரு கேள்விதான் கேட்டேன். அக்கா, உங்களைத்தான் கேக்குறேன், அவர் மூஞ்சியைப் பார்க்காதீங்க. எது?"

நிங்சியின் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாற்பது வயசு வரை, எது என்று கேட்டவருக்கு அவள் ஒருநாளும் எது என்று சொன்னதில்லை. சாப்பாட்டுக் கடையில்கூட, உங்களுக்கு எதுவோ அதுவே எனக்கும் என்பாள். இப்போதும் வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. ஆனால் சொன்னால் எல்லாம் போய்விடும். அந்தச் சேற்று வயல் போய்விடும், மூங்கில் புதர் போய்விடும், ஊன்றி நிற்கிற ஈட்டிகள் போய்விடும். அவள் அவ்வளவு நேசித்த வேலை அது.

"இதுதான்" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "என்னோடதுதான். கடைச் சரக்கு வேணாம். அதைப் போட்டா நான் நாளையிலேருந்து வர மாட்டேன்."

தனாங் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் அது வேணாம்க்கா. என்னைக்குமே வேணாம்."

"அப்ப ஏன் தம்பி சொன்னீங்க?"

"நீங்க களைச்சுப்போன மாதிரி இருந்தீங்க. விட்டுட்டுப் போகணும்னு நினைக்கிறீங்க, சொல்ல முடியாமத் தவிக்கிறீங்கன்னு நினைச்சேன். சரி, வழி விடுவோம்னு..."

"நான் என்னடான்னா, நீங்கதான் என் வேலை பிடிக்காம, சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு நினைச்சேன்."

பின்சார் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமே இந்தச் சண்டைதான் வேணும். ரெண்டு பேருமாச் சேர்ந்து குப்பையில போடப் பார்த்தீங்க. இப்படி இருந்தா உங்க ஊர்ல கல்யாணமெல்லாம் எப்படித்தான் நடக்குது?"

"அதுக்குத்தான் பாங், பெரியவங்களை அனுப்பிக் கேக்கச் சொல்றோம்" என்றாள் இபு தர்மி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் குதிரைகள் அப்போதுதான் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தன.

எல்லோரும் சிரித்தார்கள். நிங்சியும் சிரித்தாள், வலிக்காத சிரிப்பு. ஒரு தடவை வாய் திறந்ததும் அது இன்னும் மூடிக்கொள்ளவில்லை.

"தம்பி, இன்னொண்ணும் இருக்கு."

"சொல்லுங்கக்கா."

"நீங்க வரைஞ்ச யானை. பன்னி மாதிரி இருக்கு."

தனாங் தன் கணினியில் யானைப் படத்தைத் திறந்து, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான்.

"தும்பிக்கையாலயா?"

"தும்பிக்கையும்தான்."

"மூணு வருஷமாவா இப்படித் தெரிஞ்சுது?"

"முதல் நாளே."

அவன் தலையாட்டினான். கோபமில்லை. பென்சிலைத் தேடி எடுத்தான். நிங்சிக்கு உடம்பு லேசாகி, நாள் கணக்கில் இல்லாத பசி வந்திருந்தது. தட்டில் ஒரே ஒரு துண்டு தெம்பே மிஞ்சிக் கிடந்தது. நாகரிகம் தெரிந்த யாரும் தொடாத கடைசித் துண்டு. நிங்சி யாரையும் கேட்காமல் அதை எடுத்துத் தின்றாள்.